வெள்ளிக்கிழமை அளந்த குவியல்

ஆய்வுக்குப் போகும்போது என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று, புதிதாக வேலையில் சேர்ந்த உங்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருப்பார்கள். அளவு டேப், தராசு, மரத்தின் ஈரம் பார்க்கும் கருவி, கேமரா, படிவம் மூன்று நகல். எனக்கும் அதே பட்டியலைத்தான் கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாத பட்டியல். அன்றைக்கு என்ன கிழமை என்று பார்த்துக்கொள் என்பது மட்டும் அதில் இருக்காது. அந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இது நான் சாதித்த கதை இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றவன் பேனாவை எடுத்தால் அப்படிச் செய்தேன், இப்படி மடக்கினேன் என்று அளப்பது வழக்கம். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. அளந்த வரைக்கும் போதும் என்றிருக்கிறது.

கடும் மின்வெட்டு இருந்த ஆண்டுகள் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது நீங்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கும் தக்காளிக்கும் பெட்டி அடிக்கிற மரமில்கள் தவித்துப்போயின. கேரளாவிலிருந்து மெட்டு மலைப்பாதை வழியாக லாரியில் இறங்கி வரும் ரப்பர் மரத்தையும் சில்வர் ஓக்கையும் ரம்பத்தில் ஏற்றினால், பாதி மரம் உள்ளே போயிருக்கும்போது கரண்ட் போய்விடும். டீசல் போட்டு ஓட்டினால் பெட்டி விற்ற காசு டீசலுக்கே சரியாகப் போகும்.

அப்போதுதான் அரசாங்கம் ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்தது. மரம் அறுக்கும்போது விழுகிற ஓரத்துண்டு, பட்டை, தூள் இவற்றை எரித்து வாயுவாக்கி, அந்த வாயுவில் ஜெனரேட்டரை ஓட்டும் மெஷின். இங்கே எல்லோரும் அதைக் கேஸ் மெஷின் என்பார்கள். மில்லில் எவ்வளவு கழிவு மிஞ்சுகிறதோ, அதற்கேற்ற அளவில் மெஷின். மெஷினின் அளவுக்கேற்ப மானியம். மானியத்தில் பாதி மெஷின் வந்து இறங்கியதும் கிடைக்கும், மீதிப் பாதி ஆறு மாதம் ஓட்டிக் காட்டிய பிறகு. வெளியிலிருந்து விறகு வாங்கிப் போட்டால் மீதி கிடையாது. மானியத்துக்கு ஆசைப்பட்டு எவனும் நல்ல மரத்தை வெட்டி எரித்துவிடக் கூடாது என்று போட்ட விதி அது. நல்ல விதிதான்.

கழிவை அளந்து கையெழுத்துப் போடுவது என் வேலை. எங்கள் அலுவலகத்தில் ஒரு ஜீப், போக வேண்டியவர்கள் நாலு பேர். எனக்கு ஒதுக்கிய நாள் வெள்ளிக்கிழமை. என் பொறுப்பில் ஏழு மில்கள் இருந்தன. ஏழு வெள்ளிக்கிழமைகளில் ஏழையும் அளந்து முடித்துவிட்டேன். சுறுசுறுப்பானவன் என்று அலுவலகத்தில் பெயர் வேறு கிடைத்தது.

ஏழாவது மில் கோம்பைக்கும் பண்ணைப்புரத்துக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி இருந்தது. அதன் முதலாளிக்கு நாற்பது வயது இருக்கும். அப்பா கையிலிருந்து வந்த மில். வெள்ளைச் சட்டை போட மாட்டார், மரத்தூள் ஒட்டும் என்று எப்போதும் காக்கிதான். அறுப்பு வேலைக்குத் தலைவர் சுருளி என்ற மேஸ்திரி. பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். முற்றம் கூட்ட ஒரு அம்மா, பேச்சியம்மாள். காலையில் மில் கேட்டுக்கு வெளியே தகரக் கொட்டகையில் இட்லிக் கடை போடுவார், கடை முடிந்ததும் உள்ளே வந்து விளக்குமாற்றை எடுப்பார். புருஷன் இல்லை. மகள் போடியில் நர்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தாள், அந்தக் கடையை நம்பித்தான்.

நான் போன வெள்ளிக்கிழமை முற்றத்து மூலையில் ஓரத்துண்டுகள் என் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. இது எத்தனை நாள் குவியல் என்று கேட்டேன். ஒரு வாரத்தது என்று முதலாளி சொன்னார். சுருளியும் ஆமாம் என்றார். பொய் இல்லை, அது ஒரு வாரத்துக் குவியல்தான். நீளம், அகலம், உயரம் எடுத்தேன். நாலு இடத்தில் உருவி எடைபோட்டேன். ஈரம் பார்த்தேன். குவியலின் முன்னால் முதலாளியை நிறுத்திப் படம் எடுத்தேன். அப்போது பின்னால் கூட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் நிமிர்ந்து சொன்னார்.

"இன்னைக்கு வந்ததால இதப் பாக்குறீக சார். நாளன்னைக்கு வந்தா முத்தம் மொட்டையாக் கெடக்கும்."

நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன். முற்றத்தை அவ்வளவு சுத்தமாக வைத்திருப்பதாகத் தன் வேலையைப் பற்றிப் பெருமை சொல்கிறார் என்று நினைத்தேன். முதலாளியும் சிரித்தார். அவர் என்ன நினைத்துச் சிரித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெரிய அளவு மெஷினுக்கே பரிந்துரை எழுதினேன். மெஷின் வந்தது.

ஆறு மாதம் கழித்து மறு ஆய்வு. முதல் ஆறு மில்களையும் என் வெள்ளிக்கிழமைகளில் முடித்துவிட்டேன். எல்லா இடத்திலும் மெஷின் ஓடியது, விறகு வாங்கிய ரசீது எங்கும் இல்லை, முற்றங்கள் காலியாக இருந்தன. "வளாகம் தூய்மையாகப் பராமரிக்கப்படுகிறது" என்று ஆறு படிவத்திலும் ஒரே வாக்கியத்தை எழுதினேன். மானியத்தின் மீதிப் பாதியும் அந்த ஆறு பேருக்கும் போய்ச் சேர்ந்தது. கோம்பைப் பக்கத்து மில் மட்டும் பாக்கி. அந்த வாரம் யாரோ பெரியவர்கள் வருகிறார்கள் என்று ஜீப்பை எடுத்துக்கொண்டார்கள். சரி, பஸ்ஸில் போய்விடலாம் என்று ஒரு திங்கட்கிழமை கிளம்பினேன்.

விடியற்காலை பஸ். வீட்டில் சாப்பிடவில்லை. பேச்சியம்மாள் கடையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்ற நினைப்பு. போன தடவை அந்த இட்லியைச் சாப்பிட்டிருந்தேன், மறக்கக் கூடியதில்லை. இறங்கிப் பார்த்தால் கொட்டகை மூடிக் கிடந்தது. தகர அடுப்பைக் கவிழ்த்துவைத்து மேலே பிளாஸ்டிக் சாக்குப் போட்டிருந்தது. உள்ளே அந்த அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

கடை போடவில்லையா என்று கேட்டேன். பசியில் கேட்டேன் என்பதுதான் உண்மை. கடமை உணர்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"அடுப்புல என்னத்த வைக்கிறது சார்," என்று சொல்லி விளக்குமாற்றால் மெஷின் இருந்த பக்கம் காட்டினார். "எல்லாத்தையும் அது தின்னுருது."

விவரம் சுருளியிடம்தான் கிடைத்தது. அந்த மில்லில் சனிக்கிழமை சாயங்காலம் கூலி வாங்கும்போது ஆளுக்கு ஒரு கட்டு ஓரத்துண்டு தலையில் தூக்கிப் போவார்கள். பேச்சியம்மாளுக்கு ஒரு கட்டோடு இரண்டு சாக்கு மரத்தூளும் சேர்த்து. தகர அடுப்பில் தூளை இடித்து அடைத்து, நடுவில் துளை விட்டுப் பற்றவைத்தால் காலை முழுக்க நின்று எரியும். அதில்தான் அந்த இட்லி வெந்தது. இந்த வழக்கம் முதலாளியின் அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. ஆள் சேர்க்கும்போதே கூலி இவ்வளவு, வாரம் ஒரு கட்டு என்றுதான் பேச்சு. அக்கம்பக்கத்து மில்களிலும் அப்படித்தான் என்றார்.

வெள்ளிக்கிழமை என் உயரத்துக்கு நின்ற குவியல், அடுத்த நாள் சாயங்காலம் பதின்மூன்று வீட்டு அடுப்புக்குப் போகிற குவியல். அதை முழுவதையும் நான் மிஞ்சுகிற கழிவு என்று எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை அளக்கப் போயிருந்தால் முற்றம் காலியாக இருந்திருக்கும், ஏன் காலி என்று கேட்டிருப்பேன். நிறைந்து கிடந்ததால் கேட்கத் தோன்றவில்லை.

நான் அளந்தபோதே ஏன் சொல்லவில்லை என்று சுருளியிடம் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். தப்பு செய்தவனுக்கு முதலில் வருவது கோபம்தான். அவர் ரம்பத்து அலகைத் துடைத்துக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னார்.

"எம்புட்டு விழுகுதுன்னு கேட்டீக, சொன்னோம். எங்கன போகுதுன்னு நீங்க கேக்கலையே சார்."

மற்றதையும் அவரே சொன்னார். பெரிய மெஷினுக்குப் பசி அதிகம். வெளியில் விறகு வாங்கக் கூடாது. முதல் மாதமே கட்டு நின்றுபோனது. அதற்கும் போதாமல், ஓரத்துண்டைக் கொஞ்சம் கனமாக விட்டு அறுக்கச் சொல்லி முதலாளியின் உத்தரவு. பலகையாக வேண்டிய மரம் ஒவ்வொரு அறுப்பிலும் ஒரு விரல் அகலம் மெஷினுக்குப் போனது. நல்ல மரத்தை எரிக்கக் கூடாது என்று விதி போட்டோமே, அந்த விதிக்குள் நின்றுகொண்டே நல்ல மரத்தை எரித்தார்கள். ரசீது இல்லை, சாட்சி இல்லை. கட்டு இல்லாத மில்லில் வேலை எதற்கு என்று அறுப்பு ஆட்கள் இரண்டு பேர் வடுகபட்டிப் பக்கம் போய்விட்டார்கள். பேச்சியம்மாள் விறகு பொறுக்க மலையடிவாரத்துக்குப் போய், வனக்காவலர்களிடம் அரிவாளைப் பறிகொடுத்துவிட்டு வந்தார். விறகு விலைக்கு வாங்கி இட்லி விற்றால் கட்டுபடியாகவில்லை. மகளுக்கு அடுத்த தவணைப் பணம் கட்ட ஒரு மாதம்தான் இருந்தது.

முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் எதைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவருக்குத் தெரியும். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கும்பிட்டார்.

"நான் யாரையும் ஏமாத்தல சார். நீங்க அளந்தீக, நீங்க எழுதுன மெஷினத்தான் போட்டேன். பேங்குல கடன் நிக்கிது. மீதி மானியம் வரலைன்னா மில்லே போயிரும். அப்புறம் கட்டு என்னா, கூலி என்னா?"

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் வேலையில் கள்ளன் முன்னால் உட்காருவது சுலபம். நியாயம் பேசுகிறவன் முன்னால், அதுவும் நம் கையெழுத்தை நம்பிக் கெட்டவன் முன்னால் உட்காருவதுதான் கஷ்டம். படிவம் மேஜையில் இருந்தது. மெஷின் ஓடுகிறது, விறகு வாங்கவில்லை, முற்றம் சுத்தம். மூன்றும் உண்மை. கையெழுத்துப் போட்டால் அவர் பிழைப்பார், நானும் பிழைப்பேன். பேச்சியம்மாளின் அடுப்பு அப்படியே கவிழ்ந்து கிடக்கும். அதைக் கேட்கிற கட்டம் எதுவும் அந்தப் படிவத்தில் இல்லை.

அன்றைக்குக் கையெழுத்துப் போடாமல் திரும்பிவிட்டேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். முடிவெடுக்கத் தெரியாமல் பஸ் ஏறினேன்.

தேனி அலுவலகத்தில் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெயர் வேண்டாம். நல்ல மனிதர், கீழே இருப்பவனைக் காட்டிக்கொடுக்காதவர். கேட்டுவிட்டு, அளவில் பிசகு என்று நீயே எழுதிக்கொடு, இந்த ஒரு மில்லுக்குத் திருத்திவிடலாம், உனக்கு மெமோ வரும், தாங்கிக்கொள் என்றார். நான் மற்ற ஆறு மில்களைப் பற்றி வாயெடுத்தேன். அவையும் வெள்ளிக்கிழமை அளந்தவைதானே. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஒரு கோப்புன்னா தவறும்பாங்க. ஏழு கோப்புன்னா ஊழல்னுதான் சொல்லுவாங்க. அந்த ஆறும் மூடின கோப்பு. ஓய்வுக்கு எத்தனை மாசம் இருக்கு உனக்கு?"

பதினெட்டு மாதம் இருந்தது.

கோம்பை மில்லுக்கு மட்டும் திருத்த அறிக்கை எழுதினேன். தொழிலாளர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சனிக்கிழமைக் கட்டைக் கழித்துவிட்டே மிச்சத்தைக் கணக்கிட்டிருக்க வேண்டும், கழிக்காமல் விட்டது ஆய்வாளரின் பிழை என்று எழுதினேன். மெஷினைப் பாதி நேரம் மட்டும் ஓட்டலாம், கட்டு தொடர்ந்து கொடுக்கப்பட வேண்டும், மீதி மானியத்தில் பாதியை விடுவிக்கலாம் என்று எழுதினேன். அரசாங்கக் கோப்பில் ஓரத்துண்டுக் கட்டு ஒன்று ஏறியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

முதலாளி ஒத்துக்கொண்டார். வேறு வழி இல்லை, ஆட்களும் போய்க்கொண்டிருந்தார்கள். தன் பங்குக்கு வந்த திராட்சைத் தோட்டத்தை ஒத்திக்கு வைத்துக் கடனைச் சமாளித்தார். அதற்குப் பிறகு என்னிடம் பேசியதில்லை. கடைவீதியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் பிழைக்கு அவர் தோட்டம் போனது. எனக்கு ஒரு வருஷம் இன்கிரிமென்ட் நின்றது. இரண்டையும் தராசில் வைத்தால் எது கனம் என்று எனக்குத் தெரியும்.

சில மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். கொட்டகை திறந்திருந்தது. தகர அடுப்பு நிமிர்ந்து நின்று எரிந்துகொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். மகள் கடைசி வருஷத்துக்கு வந்துவிட்டாள் என்று பேச்சியம்மாள் சொன்னார். எனக்கு ஏதாவது நன்றி சொல்வார் என்று உள்ளுக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது, மறைப்பானேன். அவர் சட்னியை ஊற்றிவிட்டு வேறொன்று கேட்டார்.

"எங்க அக்கா மக தேவாரத்துப் பக்கம் ஒரு மரமில்லுல கூட்டுறா சார். அங்கனயும் மெஷினு வந்ததுல இருந்து கட்ட நிப்பாட்டிட்டாகளாம். இங்கன எழுதிக் குடுத்த மாதிரி அங்கயும் ஒரு எட்டு போயி எழுதிக் குடுத்துருங்க சார்."

அந்த ஆறு மில்களில் ஒன்று அது. அந்தக் குவியலை அளந்ததும் எனக்கு நினைவிருந்தது. கோம்பைக் குவியலைவிடக் கொஞ்சம் உயரம். படம் எடுக்கும்போது ஓரமாக விளக்குமாற்றோடு ஒரு பெண் நின்றாள், படத்தில் விழாதபடி தள்ளி நிற்கச் சொன்னேன்.

பார்க்கிறேன் அம்மா என்றேன்.

பேச்சியம்மாள் இட்லிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அக்கா மகளுக்காக என்று எனக்குப் புரிந்தது. காசைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். அதையும் செய்யவில்லை, பஸ் வந்துவிட்டது.

புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களே, நீங்கள் அளக்கப் போனால் எவ்வளவு என்று கேட்பதோடு எங்கே போகிறது என்றும் கேளுங்கள். ஒரே கிழமையில் எல்லா இடத்துக்கும் போகாதீர்கள். ஜீப் இல்லாவிட்டால் பஸ்ஸில் போங்கள், பசியோடு போனாலும் தப்பில்லை. கூட்டுகிறவர் ஏதாவது சொன்னால் நின்று கேளுங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பாடம். முதல் மில்லிலேயே கற்றிருக்க வேண்டியது, ஏழாவதில்தான் கிடைத்தது.

என் ஓய்வு நாளில் மாலை போட்டு, கறைபடாத கை என்று பேசினார்கள். நானும் கைகூப்பிக் கேட்டுக்கொண்டேன். தேவாரத்துக்கு நான் போகவில்லை. அந்த ஆறு கோப்பும் இப்போது உங்கள் அலமாரியில், கீழ்த்தட்டில் இருக்கின்றன. உள்ளே இருப்பது என் கையெழுத்துத்தான்.